படியில்லாத அரங்கம்

தம்பிதுரைக்கு எதையும் தூக்கிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சந்தைக்குப் போனால் ஆட்டுக்குட்டியைத் தூக்குவார், பூசணிக்காயைத் தூக்குவார், வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஆட்டுக்கல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காரச் சொல்லிப் போட்ட நாற்காலியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தேக்குங்களா?" என்று மாமனாரைக் கேட்டவர் அவர். கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்த ராசாத்தாள், இந்த ஆளைக் கட்டிக்கொண்டால் பொழுது போகும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். அவள் கணக்கு தப்பவில்லை.

சோமனூர்ப் பக்கம் புதிதாக ஒரு விசைத்தறி செட் எழும்புகிறது என்றால் அதில் தம்பிதுரையின் கை இருக்கும். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர். நிலத்தைப் பார்த்ததும் தறிகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிவிடுவார். செட் கட்டுவது பிழைப்பு. உயிர் இருந்தது பூப்பந்தில். மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய சின்னப் பந்து, மர மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். கடலைக்காய் காயப்போடும் களம் காலியாக இருந்தால் போதும், சாயங்காலம் அங்கே வலை கட்டிவிடுவார்கள். தம்பிதுரை பின்வரிசை. உயரமும் அகலமுமாக நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்புவார். ஆனால் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அவர் அல்ல, முன்வரிசையில் நின்ற ரசாக்.

ரசாக் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். ஒரு டோர்னமெண்டில் சோமனூருக்கு ஆள் குறைந்ததால் அவரை இரவல் வாங்கினார்கள். அதற்கப்புறம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒல்லியான உடம்பு, பூனை மாதிரி கால். பந்து வலையைத் தாண்டும்போதே அது எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கால்களைத்தான் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு விபத்து எடுத்துக்கொண்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, வீட்டு முன்னாலேயே பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டும் கடை போட்டார்.

அடுத்த வருடம் கோயமுத்தூரில் பெரிய ஆட்டம். தம்பிதுரை ரசாக்கைக் கூட்டிக்கொண்டு போனார். பார்வையாளர் மேடைக்கு ஏறப் படிகள். தம்பிதுரை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குனிந்தார், நண்பரை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டார், படபடவென்று ஏறிப்போய் உச்சியில் உட்கார வைத்தார். சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தம்பிதுரைக்குப் பெருமை பிடிபடவில்லை. 

திரும்பி வந்து கடை வாசலில் இறங்கியபோதுதான் ரசாக் சொன்னார். "துரைண்ணா, ஆட்டம் பாக்க வந்தவங்க என்னைப் பாத்துக் கை தட்டுனாங்க. மூட்டை ஏத்தறதைப் பாத்துத் தட்டுன மாதிரி இருந்துதுங்க. என்னைத் தூக்காம உள்ள விடற எடம் ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, வாரேன். அதுவரைக்கும் ஆட்டத்துக்குக் கூப்பிடாதீங்க."

சொன்னவர் சொன்னபடி இருந்தார். ஜில்லா முழுக்க அவர் நரம்பு கட்டிய மட்டையால் ஆடியது, அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. தம்பிதுரை வாரம் தவறாமல் போவார், நன்றாக இருக்கும் மட்டையையே மறுபடி கட்டச் சொல்லி நீட்டுவார். மழை, விலைவாசி, பஸ் கூட்டம் என்று எல்லாம் பேசுவார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். நண்பர்களுக்கு நடுவே அப்படி ஒரு பள்ளம் இருப்பது எவ்வளவு வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இப்படியே வருடங்கள் போயின. தொண்ணூற்று நான்காம் வருடம் ஆடி மாதத்தில் காற்று வந்து கதையைத் திருப்பியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கம்பளிப் பந்து எம்மாத்திரம்? சோமனூர்க் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் செர்வீஸ் போட்ட பந்து வலைவரை போய், யோசித்துப் பார்த்துவிட்டு, போட்டவர் காலடிக்கே திரும்பி வந்தது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். தறிக்காரர்கள் சேர்ந்து நடத்திய டிரஸ்டின் தலைவர் திருமலைசாமி அன்றைக்கே மைக்கைப் பிடித்தார். பழைய பஞ்சு அரவை ஆலை இருந்த காலி இடத்தில் கூரை போட்ட அரங்கம் கட்டுவோம், பூப்பந்து, வாலிபால், கபடி, ஆட்டம் இல்லாத நாளில் கல்யாணம், துணிக் கண்காட்சி எல்லாம் அதிலேயே நடக்கும் என்றார். கூட்டத்தில் தேடிப் பார்த்து, "தம்பிதுரை, நீங்கதான் கட்டறீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தம்பிதுரைக்குத் தலைகால் புரியவில்லை. மொபெட்டை வீட்டு வாசலில் நிறுத்தக்கூட மறந்து அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"அம்மணி, ரசாக் பாய் ஆட்டம் பாக்க வரப்போறாரு."

"ஏனுங்க, எங்க?"

"இன்னும் கட்டலை."

ராசாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பொறக்காத புள்ளைக்குப் பேரு வெக்கறீங்க. சரி, கையைக் கழுவிப்போட்டு வாங்க, சோறு போடறேன்."

சாப்பிடும்போதும் இலையில் குழம்பால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

முதல் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்றுக்குச் சோமனூர் வந்து சேருவதைத் தவிர வேறு ஜோலியே கிடையாது. சுவரை முழுக்க அடைத்தால் பந்து பிழைக்கும், ஆடுகிறவர்கள் வெந்து போவார்கள். திறந்துவிட்டால் ஆடுகிறவர்கள் பிழைப்பார்கள், பந்து போய்விடும். மின்விசிறி போடலாம் என்றால் அதுவும் பந்தைத் தள்ளும். அதோடு, தறி ஓடுகிற ஊரில் கரண்டை நம்பி யார் இறங்குவார்கள்?

தம்பிதுரை தன் வீட்டுப் பின்புறம் மேற்கே பார்த்து ஒரு சின்னச் சுவரைக் கட்டினார். செங்கல்லுக்கு நடுவே சந்து விட்டு அடுக்கிய சுவர். ஒரு கை தள்ளி அதே மாதிரி இன்னொரு சுவர், முன்னதில் சந்து இருக்கும் இடத்தில் பின்னதில் செங்கல் வருகிற மாதிரி. அதற்குப் பின்னால் கயிறு கட்டித் தறியில் மிஞ்சிய கழிவு நூலை வரிசையாகத் தொங்கவிட்டார். நூல் ஆடினால் பந்தும் ஆடும் என்பது கணக்கு. தினமும் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நூலையே பார்த்துக்கொண்டிருப்பார். திருஷ்டிக்குக் கட்டியது என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

"கழுதை கெட்டா குட்டிச்செவுருன்னு சொல்லுவாங்க. நீங்க கெடறதுக்கு முன்னாலயே செவுத்தைக் கட்டிப்போட்டீங்களே" என்றாள் ராசாத்தாள்.

செங்கல் இடைவெளியைச் சின்னதாக்கினார், பெரிதாக்கினார், பிரித்தார், மறுபடி கட்டினார். ஒரு நாள் மத்தியானம் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன. சுவருக்குப் பின்னால் நூல் முனைகள் லேசாகச் சிலிர்த்தன, அவ்வளவுதான். தம்பிதுரை போட்ட சத்தத்தில் ராசாத்தாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். சுவருக்கும் நூலுக்கும் நடுவே நின்று கன்னத்தைக் காட்டினாள்.

"காத்து வருதுங்க" என்றாள் மெதுவாக. "ஆனா தள்ள மாட்டீங்குது."

அதைவிடச் சரியாக அந்தச் சுவரை யாராலும் சொல்ல முடியாது. தம்பிதுரை அந்த வாக்கியத்தை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், தான் யோசித்த மாதிரி.

அடுத்தது வெளிச்சம். பழைய நூற்பாலைகளின் கூரை ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கி இருக்கும். வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி. வெயில் உள்ளே வராது, வெளிச்சம் மட்டும் வரும். மூடிப்போன ஒரு ஆலையின் கூரை இரும்பு ஏலத்துக்கு வந்தது. தம்பிதுரை போய் ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு முனையில் தூக்கிப் பார்த்து எடுத்தார். வீட்டுக்கு வந்தபின் தான் செய்த காரியம் உறைத்தது. அந்தக் கூரை ஆலையில் தூண் தூணாக நின்ற கூரை. ஆடுகளத்தின் நடுவே தூண் வைத்தால் முதல் நாளே எவனாவது மூக்கை உடைத்துக்கொள்வான்.

பீளமேட்டு இன்ஜினியர் பாலகோபாலிடம் போய் நின்றார். பாலகோபால் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் மட்டுமல்ல, கட்டடம் என்றால் சோறு தண்ணீர் மறக்கிற ஜாதி. இரண்டு பேரும் ஒரு மேஜையில் குனிந்தால் பகல் போவது தெரியாது. களத்தின் அகலம் முழுக்கத் தாண்டுகிற மாதிரி ஆழமான இரும்பு உத்தரங்களை அவர் வரைந்தார். பழைய கூரை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், நடுவே ஒரு தூண் கிடையாது. "இன்னொண்ணு இருக்குங்க தம்பிதுரை. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் சூரியன் கொஞ்சம் வடக்க ஒதுங்கும். நம்ம டோர்னமெண்ட் அப்பத்தான். கண்ணாடிக்கு மேல ஒரு தகடு நீட்டிவிட்டா ஆடறவங்க கண்ணுல குத்தாது" என்றார். தம்பிதுரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்டிருந்தால் அவரையும் தூக்கியிருப்பார்.

தரையில் வலைக் கம்பத்துக்கு இரும்புக் குழாயைப் புதைத்து மூடி போட்டார்கள். பூப்பந்துக்கு ஒரு குழி, வாலிபாலுக்கு ஒரு குழி. கம்பத்தை உருவி மாற்றி நட்டால் ஆட்டம் மாறிவிடும். கபடிக்கு எல்லாவற்றையும் உருவிவிட்டு விரிப்பைப் போட்டால் முடிந்தது. வேலை நடக்க நடக்க தம்பிதுரைக்கு உடம்பில் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

அஸ்திவாரம் எழும்பி, வாசல் சாய்வுக்கு மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கிய அன்று, அதை ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. சந்தையில் வெற்றிலை விற்கிறவருடைய மூன்று சக்கர வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். பெரிய உடம்பை அதற்குள் திணித்துக்கொண்டு, வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, கைப்பிடியைச் சுற்றினார். சாய்வின் கால்வாசி ஏறினார். வண்டி நின்றது. பல்லைக் கடித்துச் சுற்றினார், கழுத்து நரம்பு புடைத்ததே தவிர சக்கரம் அசையவில்லை. அப்புறம் அது பின்னால் போக ஆரம்பித்தது. வேகமாகப் போய் மணல் குவியலில் மோதி, அவரை அதில் உட்கார வைத்துவிட்டு ஓய்ந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதுரை சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்தபடியே அந்தச் சாய்வைப் பார்த்தார். அது தறி செட்டுச் சாய்வு. பாவு நூல் சுற்றிய கனத்த பீம் உருளையை வண்டியில் வைத்து உள்ளே ஏற்றுவதற்காகக் காலமெல்லாம் அவர் கட்டி வந்தது. கை பழக்கத்தில் அதையே கட்டியிருக்கிறார். பீமைத் தள்ள நாலு பேர் இருப்பார்கள். ரசாக்குக்கு இருப்பது இரண்டு கை.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. "தூக்கற புத்தி போய் இப்பத் தள்ளற புத்தி வந்திருக்குது, அம்மணி" என்றார்.

"புத்தி வந்துருச்சில்ல, இடிச்சுப்போட்டுக் கட்டுங்க" என்றாள் ராசாத்தாள்.

பாலகோபால் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்வு வேண்டும். தம்பிதுரை கணக்குப் போட்டார். இருக்கிற உயரத்துக்குச் சாய்வு ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குள் போகும். ஆகவே தரை மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். வரைபடத்தில் இருந்த அகலமான முன்படிகளை எடுத்துவிட்டு, அந்த இடம் முழுவதையும் சாய்வுக்கே கொடுக்க வேண்டும். அதாவது படியே இல்லாத கட்டடம். எல்லோருக்கும் ஒரே சாய்வு, ஒரே வாசல். அதை நினைத்ததும் அவருக்குப் புல்லரித்தது. உடனே திருமலைசாமி முகம் ஞாபகம் வந்தது, புல்லரிப்பு அடங்கியது.

திருமலைசாமிக்கு அந்தப் படிகள் மேல் கொள்ளை ஆசை. தரை எவ்வளவு உயரமோ அவ்வளவு கௌரவம் என்பது அவர் தலைமுறையின் சட்டம். தம்பிதுரை விஷயத்தைச் சொன்னார். திருமலைசாமி பொறுமையாகக் கேட்டார்.

"ஆகட்டுமுங்க, பாத்துக்கலாமுங்க" என்றார். பிறகு, "காப்பி சாப்புடுங்க."

வெளியூர்க்காரன் யாராவது இருந்தால் சம்மதம் கிடைத்தது என்று சந்தோஷமாகக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பான். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல இந்தச் சீமையில் யாருக்கும் வாய் வராது. 'பாத்துக்கலாம்' என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். அதோடு காப்பியும் வந்துவிட்டால் கதை முடிந்தது. தம்பிதுரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். குடித்துவிட்டால் எழுந்திருக்க வேண்டும்.

"தலைவருங்க, நாலு படி ஏறி அண்டாவைத் தூக்கிட்டுப் போறது எவ்வளவு சிரமமுங்க" என்றார் திடீரென்று.

"எந்த அண்டா?"

"கல்யாண அண்டாங்க. நீங்கதானுங்களே கல்யாணத்துக்கும் விடணும்னீங்க. சாய்வா இருந்தா அண்டா, கடாய், ஆட்டுக்கல்லு எல்லாம் உருட்டிக்கிட்டே உள்ள போயிரலாம். பெரிய அண்டாவா இருந்தா சாய்வு ஓரத்துக் கைப்பிடிச் சட்டத்தைக்கூட வலைக் கம்பம் மாதிரி உருவி, தள்ளி நட்டுக்கலாமுங்க. அதுக்குன்னு வெளிய ஒரு குழி வெச்சுப்போடறேன். மாப்பிள்ளை கார் வாசல் வரைக்கும் வரும்."

திருமலைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் மகள் கல்யாணத்தில் சாம்பார் அண்டா படியில் கவிழ்ந்ததை அவர் மறக்கவில்லை. "கார் ஏறுமுங்களா?"

"சட்டத்தை உருவிட்டா ஏறுமுங்க."

"தரை தாழ்ந்தா மழைத் தண்ணி உள்ள வருமே?"

"சாய்வுக்கு அடியில குறுக்க ஒரு வாய்க்கால் வெட்டி, மேல கம்பிச் சட்டம் போட்டு, அந்த எடத்துல இருக்கற பழைய ஆலைக் கெணத்துக்குத் திருப்பி விடறேனுங்க. கூரைத் தண்ணியும் அங்கயே போகும். வத்துன கெணறு ஊறும்."

"அப்பச் செய்ங்க" என்றார் திருமலைசாமி. அந்த வார்த்தைக்குக் காப்பி தேவைப்படவில்லை. ஆனாலும் தம்பிதுரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். நண்பனுக்காக என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது, அண்டாவுக்காகக் கேட்டதும் கிடைத்தது. உலகம் அப்படித்தான், அதில் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த ஆனியில் அரங்கம் தயாரானது. தம்பிதுரை கோட்டைமேட்டுக்குப் போனார். ரசாக் ஒரு மட்டைக்கு நரம்பு இழுத்துக்கொண்டிருந்தார்.

"எடம் ஒண்ணு இருக்குதுங்க பாய்."

ரசாக் தலை நிமிரவில்லை. "யாரு தூக்குவா?"

"யாருமில்லீங்க."

"படி?"

"இல்லீங்க."

"சாமான் போற பின்வாசலா?"

"முன்வாசலுங்க. இருக்கறதே ஒண்ணுதான்."

நரம்பை இழுத்த கை நின்றது. டீ கொண்டுவந்த அவர் மனைவி சாயிரா பானு, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் கொடுக்க மறந்து நின்றார்.

"வாரேன்" என்றார் ரசாக். "ஆனா ஒருத்தர் கை பட்டாலும் திரும்பிருவேனுங்கண்ணா. அதுக்கப்புறம் நீங்க எதையும் கட்ட வேண்டாம்."

திறப்பு விழா அன்று தம்பிதுரை விடியற்காலையிலிருந்து அரங்கத்துக்குள்ளேயே இருந்தார். வலையை இழுத்துப் பார்த்தார், குழி மூடிகளைத் தட்டிப் பார்த்தார். வெளியே காற்று போட்ட கூச்சல் உள்ளே கேட்டது. வலை அசையவில்லை. ஒரு விளக்குகூடப் போடாமல் தரைக் கோடுகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.  வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. ஓடினார்.

அம்பாசிடர் டாக்சியின் மேலே கட்டியிருந்த மூன்று சக்கர வண்டியை டிரைவர் இறக்கி வைத்தார். ரசாக் முன்சீட்டிலிருந்து கையை ஊன்றித் தானே நகர்ந்து அதில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடியில் துணியால் சுற்றிய ஏதோ ஒன்று. பக்கத்தில் சாயிரா பானு. தம்பிதுரை வாசலைப் பார்த்தார். 

சாய்வின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை. திருமலைசாமி தன் தோட்டத்தில் இருந்ததிலேயே பெரிய மரங்களாக வெட்டி அனுப்பியிருந்தார். அவருடைய ஆட்கள் அவற்றைக் கைப்பிடிச் சட்டத்தின் உள்பக்கமாக, குலைகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வளைத்துக் கட்டியிருந்தார்கள். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆள் நடந்து போகலாம். வண்டி போகாது. மரியாதை செய்கிறேன் என்று வழியை அடைத்துவிட்டார்கள்.

"பாய், வாங்க வாங்க" என்று கூட்டம் ஓடி வந்தது. பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அவர்மேல் அவ்வளவு பிரியம். "அட, வண்டி போகாதாட்ட இருக்குது. ஒரு நிமிஷமுங்க, நாலு பேரு புடிச்சா முடிஞ்சுது." கைகள் நீண்டன. ரசாக்கின் கை வண்டியைப் பின்னால் திருப்பப் போனது.

"யாரும் தொடக் கூடாதுங்க" என்றார் தம்பிதுரை. தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வாழையை நோக்கிப் போனார்.

ஊர்ப் பெரியவர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள். "விளக்கேத்தறதுக்கு முன்னால கட்டுன வாழையை வெட்டறதா? ஆகாதுங்க. அவுக்கவும் கூடாது." திருமலைசாமி கையைப் பிசைந்தார். தப்பு தன்னுடையது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் சாஸ்திரத்தை மீற அவருக்கும் தைரியம் இல்லை. ரசாக் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "பரவாயில்லீங்கண்ணா" என்றார். அந்தப் பரவாயில்லைக்கும் காப்பியோடு வந்த 'பாத்துக்கலாம்' என்பதற்கும் ஒரே அர்த்தம் என்பது தம்பிதுரைக்குத் தெரியும்.

அரிவாளைக் கீழே போட்டார். கண் கைப்பிடிச் சட்டத்தின் காலுக்குப் போனது. அதற்கு வெளியே, அரையடி தள்ளி, இரும்பு மூடி போட்ட குழி. அண்டாவுக்கு வைத்த குழி.

"தூக்குங்க" என்று கத்தினார்.

எல்லோரும் ரசாக் பக்கம் திரும்பினார்கள்.

"அவரை இல்லீங்க. வாழையை."

முதலில் கை வைத்தது ராசாத்தாள். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டத்தைப் பிடித்தாள். பழைய பின்வரிசைக்காரர்கள் ஓடி வந்தார்கள், திருமலைசாமியும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். கட்டவிழ்க்காமல், வெட்டாமல், வாழையும் குலையும் சட்டத்தோடு அப்படியே மேலே எழும்பி, அரையடி நகர்ந்து, வெளிக்குழியில் இறங்கின. அந்தப் பக்கமும் அதே மாதிரி. சாஸ்திரத்தில் இதற்குத் தடை எதுவும் கிடைக்காததால் பெரியவர்கள் சும்மா இருந்தார்கள்.

ரசாக் வாய்விட்டுச் சிரித்தார். "வாழை நடந்து வழி விட்டதை இன்னிக்குத்தான் பாக்கறேனுங்கண்ணா."

வண்டி சாய்வில் ஏறியது. நிதானமாக, ஒரே சீராக. பாதி வழியில் வேகம் குறைந்தது, நின்றது. ரசாக் மூச்சு வாங்கினார். முதுகில் சட்டை நனைந்திருந்தது. கூட்டம் தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்தது. யாருக்குத்தான் கை துடிக்காது? எல்லோரையும்விட அதிகமாகத் துடித்தது தம்பிதுரைக்குத்தான். ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். அவர் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துக் கூட்டத்தை நிறுத்தினார். முன்னால் இருந்த யாருடைய முகமும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் நீராகத் தெரிந்தது. பின்னால் சங்கிலி மறுபடி உரசும் சத்தம் கேட்டது. அது மேலே மேலே போனது. தரை மாறிய ஓசை வந்தது.

திரும்பிப் பார்த்தபோது ரசாக் உள்ளே, களத்தின் ஓரத்தில் இருந்தார். தம்பிதுரை அருகே போனார். ரசாக் கூரையைப் பார்த்தார், மேற்குச் சுவரைப் பார்த்தார், ஆடாமல் நின்ற வலையைப் பார்த்தார், கடைசியில் தரைக் கோட்டைப் பார்த்தார்.

"மேக்குக் கோடு கொஞ்சம் கோணலுங்கண்ணா."

"இருக்குமுங்க" என்றார் தம்பிதுரை.  நண்பர் ஆட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டார்.

ரசாக் மடியிலிருந்த துணியைப் பிரித்தார். புதிதாக நரம்பு கட்டிய மட்டை. அதை நீட்டினார்.

"என்னையத்தான் தூக்கக் கூடாதுன்னேன். இதைத் தூக்கிப் பாருங்க."

தம்பிதுரை வாங்கித் தூக்கிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எடை என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ரசாக் அவருக்காகக் காத்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, நடுவர் இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.